நெட் தேவையில்லாத பெட்டி

அர்ச்சுனனிடம் ஒரு பொருளை விற்பது லேசான காரியம் இல்லை. முப்பத்தொரு வருஷம் சர்க்கரை ஆலையின் எடைமேடையில் உட்கார்ந்தவர். கரும்பு வண்டி மேடையில் ஏறினால் டிரைவர் இறங்கிவிட்டானா, கரும்புக்கு அடியில் கல் கிடக்கிறதா, காலி வண்டியை எடை போடும்போது மட்டும் ஸ்டெப்னியைக் கழற்றி ஒளித்துவைத்தானா என்று பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவர். ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகியும் அந்தப் பார்வை ஓயவில்லை. கேஸ் சிலிண்டரைத் தூக்கிப் பார்க்காமல் இறக்க விடமாட்டார். "என்னையே எடை போட்டுத்தான் கட்டிக்கிட்டு வந்தாரு" என்று அவர் மனைவி ராஜாமணி சொல்லிச் சிரிப்பாள்.

பாலக்கோடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் டிவி கடை வைத்திருக்கும் தமிழ்மணிக்கு இதெல்லாம் தெரியாது. பாவம், மூன்று பெட்டிகளை எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்துவிட்டார்.

அர்ச்சுனன் கேட்டது சின்ன விஷயம்தான். பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் காவியா, வீட்டில் பரணில் கிடந்த முப்பத்தேழு வீடியோ கேசட்டுகளையும் சேலத்தில் கொடுத்து மாற்றி, பழைய படங்கள் பாட்டுகள் எல்லாவற்றோடும் ஒரே டிஸ்க்கில் போட்டு, வீட்டுக் கம்ப்யூட்டரோடு இணைத்து வைத்திருந்தாள். ஸ்டூல் போட்டு அந்தக் குட்டித் திரைமுன் உட்கார்ந்து பார்த்தால் கழுத்து பிடித்துக்கொள்கிறது. ஹாலில் இருக்கும் பழைய டிவியிலேயே அதையெல்லாம் பார்க்க ஒரு பெட்டி வேண்டும்.

"இது எல்லாப் புதுப் படமும் ஓசியாக் காட்டும்ங்க. மாசக் கட்டணமே கிடையாது" என்று தமிழ்மணி விலை குறைந்த பெட்டியை முன்னால் நகர்த்தினார்.

"ஓசியில எவன் காட்டுவான்? அவனுக்கு என்னா லாபம்?"

"அது வந்துங்க..."

"நாங்க அவனப் பாப்போம், அவன் எங்களப் பாப்பான். அத எடுத்து உள்ள வைங்க."

தமிழ்மணி அதை உள்ளே வைத்துவிட்டு அடுத்ததைத் தொட்டார். "இதுக்கு நெட்டே தேவையில்லைங்க. டிஸ்க இது முதுகுலயே சொருவிக்கலாம். ஆனா படம், போஸ்டர் எதுவும் வராது, வெறும் பேரு லிஸ்ட்டுதான். இப்ப யாரும் கேக்கறதில்லைங்க. பெஸ்ட்டுன்னா இந்த மூணாவதுதான். கம்ப்யூட்டர்ல இருக்கறத வைஃபையில இழுத்து அப்பிடியே காட்டும். நேத்து எங்க நிறுத்துனீங்களோ, இன்னிக்கு அங்கிருந்தே ஓட்டும்."

"நான் எங்க நிறுத்துனேன்னு அதுக்கு எப்பிடித் தெரியும்?"

"கம்ப்யூட்டர் குறிச்சு வெச்சுக்கும்ங்க."

அர்ச்சுனனுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் வீட்டுக்கு வந்து போட்டுக் காட்டுங்க, அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்மணி வந்தார். கம்ப்யூட்டரைத் திறந்து எதையோ தட்டினார். தட்டியவர் புருவத்தைச் சுருக்கினார்.

"உங்க வூட்டுல ரெண்டு டிவி இருக்குதுங்களா?"

"ஒண்ணுதான்."

"இதுல ஒரு குச்சி ஏற்கனவே கனெக்ட் ஆயிருக்குதுங்களே. டிவிக்குப் பின்னால சொருவுவாங்களே, அந்தச் சின்னக் குச்சி. நேத்து மத்தியானம் ரெண்டரைக்குக்கூட ஓடியிருக்குது பாருங்க." திரையில் விரலை வைத்துப் படித்தார். "காதுகுத்து. கேசட் பத்தொம்பது."

அர்ச்சுனனின் கண் தானாக ஹாலின் வடக்குச் சுவருக்குப் போனது. அது ஆறு வருஷத்துக்கு முன்னால் எழுப்பிய சுவர். அதுவரைக்கும் அந்தப் பக்கமும் இதே வீடுதான். அந்தப் பக்கத்தில் இப்போது அண்ணன் மாதையன் இருக்கிறார். பாகம் பிரித்தபோது கிணறு, மோட்டார், தென்னைமரம், கடைசியில் ஆட்டுக்கல்வரைக்கும் பெரியவர்கள் உட்கார்ந்து எழுதினார்கள். பரணில் கிடந்த கேசட்டுகளை மட்டும் யாரும் நினைக்கவில்லை. அவை இந்தப் பக்கத்துப் பரணில் இருந்ததால் இந்தப் பக்கத்துச் சொத்தாகிவிட்டன.

"செவுத்தக் கட்டுனோம். இந்த வைஃபைக்குச் செவுரு தெரியாதா?" என்றார் அர்ச்சுனன்.

"தெரியாதுங்க" என்றார் தமிழ்மணி, அது ஒரு தொழில்நுட்பச் சந்தேகம் என்று நினைத்துக்கொண்டு.

அவர் போனதும் அர்ச்சுனன் கதவைச் சாத்திவிட்டு காதுகுத்து கேசட்டைப் போட்டார். காவியாவுக்கும் அண்ணன் மகன் அருள்குமாருக்கும் ஒரே நாளில், குடும்பத்து விவசாயக் காட்டிலிருக்கும் முனியப்பன் கோயிலில் காது குத்தியது. பிள்ளைகளுக்கு அப்போது மூன்று வயது. கேமராக்காரன் பொங்கல் பானையைக் காட்டினான், ஆட்டைக் காட்டினான், பந்தலைக் காட்டினான். பன்னிரண்டாவது நிமிஷத்தில் கேமரா திரும்பியது. இப்போது அர்ச்சுனன் பாகமாகிவிட்ட காட்டுக்கு நடுவே, ரெண்டு பக்கமும் ஆவாரஞ்செடி நிற்க, நல்ல அகலமான வண்டிப்பாதை. அதில் சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு ஒரு டிராக்டர் ஆடி ஆடி வந்தது.

அவர் சட்டென்று படத்தை நிறுத்தினார்.

கோர்ட்டில் நடக்கும் கேஸே அந்தப் பாதைக்காகத்தான். அண்ணனுக்கு விழுந்த பாகம் கிழக்கே இருக்கிறது. அதற்குப் போக வேண்டுமென்றால் அர்ச்சுனனின் காட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். காலங்காலமாகப் பாதை இருந்தது, உழுது மூடிவிட்டான் என்பது மாதையனின் வழக்கு. பாதையே கிடையாது, இருந்தது ஆள் நடக்கிற வரப்புதான் என்று அர்ச்சுனன் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். போட்டபோது அது முழு உண்மை இல்லை என்பது அவருக்குத் தெரியும். நம் காடு, நாம் உழுகிறோம், யார் வந்து நிரூபிக்கப் போகிறார்கள் என்கிற தைரியம்தான். இப்போது நிரூபிக்கிற சாட்சி அவர் வீட்டு டிஸ்க்கிலேயே உட்கார்ந்திருக்கிறது, அதை அண்ணன் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபடி அவருடைய வைஃபையிலேயே பார்த்துக்கொண்டிருக்கிறார்!

"வக்கீலு சொல்லிக் குடுத்திருப்பான். திருட்டுத்தனமா எடுத்துக் கோர்ட்டுல போடப் போறான்" என்று ராஜாமணியிடம் குமுறினார். "எவ குடுத்தா இவனுக்குப் பாஸ்வேர்ட? நீயா?"

"எனக்குப் பாஸ்வேர்டும் தெரியாது, பழைய வேர்டும் தெரியாது. எனக்கு ரிமோட்டே அமுக்கத் தெரியாது" என்றாள் ராஜாமணி. அது உண்மைதான். இருந்தாலும் அன்று சாயங்காலம்வரை அவளையும் ஒரு கண் வைத்துத்தான் பார்த்தார்.

மறுநாள் கடை திறக்கும் முன்னே போய் நின்றார். எந்தப் பெட்டி என்று தமிழ்மணி கேட்பதற்குள், "நெட்டு இல்லாதது" என்றார். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரிலிருந்து டிஸ்க்கைப் பிடுங்கிப் பெட்டியின் முதுகில் சொருகினார். ஹால் டிவியில் வெறும் பேர்கள் வரிசையாக வந்தன. மத்தியானம் இரண்டரை மணிக்குச் சுவரில் காதை வைத்துக் கேட்டார். அந்தப் பக்கம் டிவி சத்தம் இல்லை. மூன்று நாளைக்கு அவருக்கு நல்ல பசி எடுத்தது.

சனிக்கிழமை காவியா வந்தாள். பையை இறக்கும் முன்பே அவளைக் கூட்டிக்கொண்டுபோய்க் கம்ப்யூட்டர்முன் உட்கார வைத்தார்.

"காதுகுத்துல அந்தப் பாதை வருது. உம் பெரியப்பன் அத எத்தன தடவ திருடிப் பாத்தான்னு இதுல இருக்குமாம். அத எடுத்துக் குடு, வக்கீலுக்குக் காட்டணும்."

காவியா பெட்டியைப் பார்த்தாள். அதில் சொருகியிருந்த டிஸ்க்கைப் பார்த்தாள். முகம் செத்துப்போயிற்று.

"எப்பப்பா புடுங்குனீங்க?"

"திங்கக்கெழம."

"திருடலப்பா. நாந்தான் குடுத்தேன். அருளுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச அன்னிக்கு. அவன் வாங்கி வெச்ச குச்சியிலயே போட்டுக் குடுத்துட்டு வந்தேன்."

அருள்குமார் செத்து இரண்டு வருஷம் ஆகிறது. கிருஷ்ணகிரி ரோட்டில் பைக், லாரி. கேஸ் உச்சத்தில் இருந்த நேரம். சித்தப்பன் என்று தோள் கொடுக்க வேண்டியவர், தெருவில் ஊர்க்காரர்களோடு நின்று பார்த்துவிட்டுப் பாடையைத் தூக்குவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டார். அன்று ராஜாமணி அவருக்குச் சோறு போடவில்லை.

காவியா பட்டியலைத் திறந்து காட்டினாள். தேதி, தேதியாக இறங்கிக்கொண்டே போனது. எல்லாமே அண்ணி கண்ணம்மா காட்டுக்குப் போய்விடுகிற மத்தியான நேரம். வேறு கேசட்டே இல்லை. நிறுத்திய இடம் ஒவ்வொரு நாளும் ஒன்றுதான், நாற்பத்து மூன்றாவது நிமிஷம்.

"பாதை அங்கயா வருது?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றார். அவர் குரல் இறங்கிவிட்டது.

காவியா எழுந்து போனாள். அர்ச்சுனன் பெட்டியின் ரிமோட்டை எடுத்து, அமுக்கி அமுக்கி நாற்பத்தொன்றாவது நிமிஷத்துக்கு வந்தார்.

மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு அருளு தாய்மாமன் மடியில் உட்கார்ந்திருக்கிறான். ஆசாரி கம்பியை எடுக்கிறார். பையன் ஒரே துள்ளலில் மாமன் மடியிலிருந்து இறங்கி ஓடுகிறான். ஓடியவன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறுவது சித்தப்பனின் இடுப்பில். பிரித்தெடுத்தால் கத்துகிறான். "சித்தப்பா மடியிலதான்! சித்தப்பா மடியிலதான்!" மாமன் முறை போய்விட்டது என்று அந்த ஆள் முகத்தைத் தூக்கிக்கொள்கிறார். பந்தலே சிரிக்கிறது. கடைசியில் கறுத்த மீசை அர்ச்சுனன்தான் பலகையில் உட்கார்ந்து பையனை மடியில் வைத்துக்கொள்கிறார். பக்கத்தில் மாதையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார். குத்தி முடிந்ததும் அழுதுகொண்டே பையன் கேமராவைப் பார்த்து, "வலிக்கவே இல்ல" என்கிறான். நாற்பத்து மூன்று.

அர்ச்சுனன் அதை நான்கு தடவை பார்த்தார். நான்காவது தடவை துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். ராஜாமணி சமையலறை வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

உடனே டிஸ்க்கைக் கழற்றிப் பழையபடி கம்ப்யூட்டரில் மாட்டச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை இரண்டரை மணிக்கு அப்பாவும் மகளும் திரைமுன் உட்கார்ந்து பார்த்தார்கள். குச்சி வரவில்லை. இரண்டு நாள் லீவு போட்டுவிட்டுத் திங்கட்கிழமையும் காவியா பார்த்தாள். அன்றும் வரவில்லை.

"மூணு நாலு நாளு போட்டுப் பாத்திருப்பாரு. நீங்க கண்டுபுடிச்சுப் புடுங்கிட்டீங்கன்னு விட்டிருப்பாரு" என்றாள்.

"அதான நெசம்" என்றார் அர்ச்சுனன்.

"நான் வேணா அந்த ரெண்டு நிமிஷத்த மட்டும் வெட்டித் தனியாக் குடுத்துடறேன். வேற எதுவும் போவாது. பாதையும் போவாது."

நல்ல யோசனைதான். அன்றைக்கு முழுக்க அதை மனசில் போட்டுப் புரட்டினார். ஆரம்பத்திலிருந்து ஓட்டியிருந்தால் அண்ணன் பாதையைத் தாண்டித்தானே நாற்பத்தொன்றுக்கு வந்திருக்க வேண்டும்? பார்த்திருப்பார். பார்த்துவிட்டு வக்கீலிடம் சொல்ல நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். இப்போது போய்க் கையில் கொடுத்தால் தன் கையெழுத்துக்குத் தானே கொள்ளி வைப்பது போலாகும். இரண்டு நிமிஷம் போதும், பையன்தானே வேண்டும், பையனைக் கொடுப்போம், பாதையை எதற்குக் கொடுக்க வேண்டும்? எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் வெட்டிக் கொடு என்று மகளிடம் சொல்ல வாய் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் தமிழ்மணி கடையில் இன்னொரு டிஸ்க் வாங்கிவந்தார். முப்பத்தேழு கேசட்டையும் அதில் ஏற்றச் சொன்னார். ஏறி முடியச் சாயங்காலமாகிவிட்டது. புது டிஸ்க்கையும் நெட் தேவையில்லாத பெட்டியையும் ரிமோட்டையும் ஒரு மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு தெருவைச் சுற்றி அண்ணன் வாசலுக்குப் போனார். ஆறு வருஷத்தில் அந்தப் பத்தடி தூரம் அவருக்கு மறந்தே போயிருந்தது.

மாதையன் கதவைத் திறந்தார். இளைத்திருந்தார். தம்பியைப் பார்த்தார், பையைப் பார்த்தார், தெருவில் வேறு யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

"என்னாத்துக்கு வந்த? கேச வாபஸ் வாங்கச் சொல்லியா?"

"கேசு நடக்கட்டும்ணா. அது வேற." பையை நீட்டினார். "நம்ம வூட்டுக் கேசட்டு எல்லாம் இதுல இருக்குது. டிவியில சொருவுனாப் போதும். நெட்டு வேண்டாம், என் வூட்டுக் கம்ப்யூட்டரு வேண்டாம். எவனும் வயரப் புடுங்கி நிறுத்த முடியாது."

மாதையன் கையை நீட்டவில்லை. "உள்ள என்னத்த வெச்சிருக்க?"

"அருள வெச்சிருக்கேன்" என்றார் அர்ச்சுனன். மிச்சத்தையும் சொல்லி முடித்துவிட வேண்டும் என்று வேகவேகமாகப் பேசினார். "நான் ஒண்ணையும் வெட்டலண்ணா. காதுகுத்துல அந்தப் பன்னெண்டாவது நிமிஷமும் அப்பிடியேதான் இருக்குது. பாதை நல்லாத் தெரியுது, டிராக்டரு வர்றதும் தெரியுது. நான் எழுதிக் குடுத்தது பொய்யின்னு பாத்த ஒடனே தெரியும். நீ பாத்திருப்ப. வக்கீலுக்குக் காட்டணும்னாலும் காட்டிக்க."

மாதையன் ஒரு படி கீழே இறங்கினார். பிறகு பையை வாங்கி இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

"பாதையா?" என்றார். "அதுல பாதை எங்கடா வருது?"