நாற்பத்தோரு தப்படி

பென்யோ அந்தக் குழலை என் மேஜையில் வைத்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. போன வருஷம் காட்டுப்பன்றி என்று நினைத்துக் கழுதையைச் சுட்ட ஆள். இந்த வருஷம் இருட்டில் பார்க்கும் குழல் வாங்கியிருக்கிறான், அதுவும் ஞாயிற்றுச் சந்தையில், எவனோ வைத்திருந்து விற்றது. கேமரா, பைனாகுலர் பழுது பார்ப்பது என் பிழைப்பு. இப்படிப்பட்ட ஆட்கள் இல்லாவிட்டால் நான் பட்டினிதான்.

"சந்தையில பாத்தப்போ பளிச்சுனு இருந்துச்சு ஸ்லாவ்கா அக்கா. ராத்திரி காட்டுக்குப் போனா எல்லாம் மோர் மாதிரி கலங்கித் தெரியுது."

"பகல்ல மூடியைப் போட்டுத்தானே பாத்தே?"

"ஆமா. கழட்டுனா வெளிச்சத்துல கெட்டுப்போகும்னான்."

"அது நிஜந்தான். ஆனா அந்த மூடியில இருக்கிறது ஊசித் துளைடா. அது வழியா பாத்தா எந்த லொடக்கு லென்சும் சுத்தமாத்தான் தெரியும். நல்லா ஏமாந்திருக்கே. எதுக்கு விக்கிறான்னாவது கேட்டியா?"

"வேலை முடிஞ்சுதாம். இனிமே தேவைப்படாதாம்." பென்யோ தொப்பியை மாட்டிக்கொண்டான். "சனிக்கிழமை பன்னி வேட்டை. அதுக்குள்ள குடுத்துரு. மறுபடியும் கழுதையைச் சுட்டா என் பொண்டாட்டி என்னை வீட்டுக்குள்ள விடமாட்டா."

அவன் போனதும் கதவைத் தாழ் போட்டேன். ஆகஸ்டிலிருந்து இந்த வீட்டில் அப்படித்தான். மாடியில் என் தங்கை நெவியானா இருக்கிறாள். அவள் புருஷன் கிரூம் மலைக்கு அந்தப் பக்கம் தேன்பெட்டிகள் வைத்திருக்கிறவன். ஓடிப்போனால் எங்கிருந்தாலும் தேடி வந்து கொல்வேன் என்று சொல்லியே எட்டு வருஷம் அவளைக் கட்டிப்போட்டிருந்தான். அவள் இங்கே இருப்பது ஊரில் யாருக்கும் தெரியாது. பகலெல்லாம் திரை மூடியிருக்கும். இருட்டியதும் விளக்குப் போடாமல், திரையை விலக்கி, ஜன்னலோரம் உட்காருவாள். பாவம், அவளுக்கு இருந்த ஒரே சுகம் அது.

அந்தி மங்கட்டும் என்று காத்திருந்து குழலை எடுத்தேன். முதலில் கண்ணருகே உள்ள வளையம். பச்சைத் திரையின் புள்ளிகள் மணல் மணலாகப் பிரியும்வரை திருப்பினேன். அதில் கோளாறு இல்லை. அப்படியானால் முன்பக்கம். முன்வளையம் சுலபமாகச் சுற்றியது, ஆனால் காட்சி அசையவே இல்லை. மேலே இருந்த ரப்பர் மட்டும்தான் சுற்றுகிறது என்று அப்போது புரிந்தது. ரப்பரை உரித்தேன். அடியில் வளையத்தை ஏதோ பசை கவ்வியிருந்தது.

நகத்தால் சுரண்டி மோந்தேன். தேனீப் பிசின், தேனீக்கள் கூட்டு இடுக்கை அடைக்கிறது. எங்கள் பக்கத்தில் புண்ணுக்கும் சொத்தைப் பல்லுக்கும் விரிசல் விட்ட ஜாடிக்கும் அதைத்தான் அப்புவார்கள், அதனால் ஆச்சரியப்படவில்லை. டார்ச்சைக் காட்டியபோதுதான் அதில் கலந்திருந்த செங்கல் பொடி தெரிந்தது.

நெவியின் மூக்குக்கண்ணாடிக் கால் உடைந்தபோது கிரூம் ஒட்டிக் கொடுத்தது இதே பசை. உடைத்தவனும் அவன்தான். பிசினில் செங்கல் பொடி கலந்து வேறு யாரும் ஒட்டி நான் பார்த்ததில்லை.

லென்சை எவனாவது ஒட்டி வைப்பானா? ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒன்றை மட்டுமே பார்க்கிறவன் வைப்பான், இருட்டில் கை பட்டு நகர்ந்துவிடக் கூடாது என்று. எத்தனை தூரத்துக்கு வைத்து ஒட்டியிருக்கிறான் என்று பார்க்க வேண்டும். குழலோடு தெருமுனைக்கு ஓடினேன். மின்கம்பத்தில் போன வாரம் செத்துப்போன தபால்காரரின் படம் போட்ட மரண அறிவிப்பு ஒட்டியிருந்தது. குழல் வழியாக அதைப் பார்த்தபடியே பின்னால் நடந்தேன். முப்பதாவது தப்படியிலும் வெறும் மூட்டம். நாற்பத்தொன்றில் அவர் மீசை மயிரைக்கூட எண்ணலாம் போலிருந்தது.

திரும்பி வந்து நெவியின் ஜன்னலுக்குக் கீழே நின்று எதிர்ப்பக்கமாக எண்ணிக்கொண்டே போனேன். நாற்பதில் இல்கோவின் வைக்கோல் கொட்டகை வந்தது. இல்கோ ஜெர்மனிக்குப் போய் மூன்று வருஷமாகிறது. ஏணியில் ஏறினேன். மேலே வைக்கோல் ஓர் ஆள் படுக்கும் அளவுக்கு அமுங்கியிருந்தது. இரண்டு பலகைகளுக்கு நடுவே இடைவெளி. பக்கத்தில் சூரியகாந்தி விதைத் தோல் குவியலாகக் கிடந்தது. அள்ளிப் பார்த்தேன். மேலே இருந்தவை இன்னும் எச்சில் ஈரமாக இருந்தன.

வேலை முடிஞ்சுதாம். எந்த அறை, எந்த நேரம், எல்லாம் கிரூம் தெரிந்துகொண்டான். இனிக் குழல் எதற்கு? கதவு திறக்கும் ஒரு நாளுக்காக இங்கே காத்துக் கிடந்தால் போதுமே.

நான் குழலை மட்டும்தான் எடுத்துக்கொண்டு ஓடி வந்திருந்தேன். சாவி மேஜையில் இருந்தது, வாசல் கதவு பூட்டாமலே கிடந்தது.

பலகை இடுக்கில் குழலை வைத்துப் பார்த்தேன். ஒரு வளையத்தையும் தொட வேண்டியிருக்கவில்லை. நெவி இருட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மூக்குக்கண்ணாடியின் ஒட்டுகூடத் தெரிந்தது. அவள் முதுகுக்குப் பின்னால் அறைக்கதவு மெல்லத் திறந்தது.

"நெவி! நெவி!"

தொண்டை கிழியக் கத்தினேன். குளிர் தாங்காது என்று போன வாரம்தான் அந்த ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போட்டேன், என் கையாலேயே.

கதவுச் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். நான்தான் வந்துவிட்டேன் என்று நினைத்து, சிரித்துக்கொண்டே திரும்பினாள்.