மூணு சுரத்தாரும் பதினோரு துண்டும்

பெட்டியைத் திறந்ததும் ஒலிப்பதிவுக்கூடப் பொறுப்பாளர் அதிர்ந்துபோனார். நாற்பது வருடத்து ஒட்டு அத்தனையும் விட்டுப்போய், ஒலிநாடா பதினோரு துண்டாகக் கிடந்தது. மூன்றே சுரத்தைத் திரும்பத் திரும்ப வாசித்து, இதுவும் இசைதான் என்று உலகத்தையே ஒப்புக்கொள்ள வைத்த மூணு சுரத்தாரின் முதல் பதிவு அது. வேறு பிரதி கிடையாது. போதாக்குறைக்கு எல்லாத் துண்டும் கேட்க ஒன்றுபோலவே இருந்தன. எது முன்னே, எது பின்னே?

"எனக்கே தெரியலைம்மா," என்றார் மூணு சுரத்தார். அவர் முகம் சுண்டிப்போயிற்று. "வரிசை மாறினா அது நான் வாசிச்சதே இல்ல."

"கவலைப்படாதீங்க சார். முதல்ல பின்னால கேக்குற இரைச்சலை எல்லாம் சுத்தம் பண்ணிட்டு நிதானமாப் பாக்கலாம்."

"ஐயோ, கை வைக்காதே!" கூட வந்திருந்த அவர் மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அது இரைச்சல் இல்லம்மா, என் வீடு. ஒவ்வொண்ணாப் போடு."

பொறுப்பாளர் போட்டார்.

"இதுதான் முதல். குழாய்ல தண்ணி கொட்டுது பாரு, விடியக்காலைலதான் வரும். இதுல பெரியவன் அழறான். இதுல தூங்கிட்டான். இது மாடிக்காரர் ஆணி அடிக்கிறது. இதுல ஆணிச் சத்தம் இல்ல, நான் போய் நாலு கேள்வி கேட்டுட்டு வந்தேன்ல!"

அரை மணியில் பதினொன்றும் வரிசைக்கு வந்துவிட்டன. பொறுப்பாளருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒன்றுதான் உதைத்தது.

"இவ்வளவு ஒட்டு எதுக்கு சார்? ஒரே மூச்சுல வாசிச்சதுதானே?"

மூணு சுரத்தார் தலையைச் சொறிந்தார். "இவ உள்ள வந்து பேசின இடத்தை எல்லாம் வெட்டினேன்."

"அட மனுஷா! பத்து இடமா?" அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும் கொஞ்சம் வாடியும் போனார். "சரி விடுங்க, வெட்டி எறிஞ்சாச்சு."

மூணு சுரத்தார் எழுந்து வீட்டுக்குப் போனார். ஒரு மணி நேரத்தில் மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது கையில் ஒரு பழைய பவுடர் டப்பா இருந்தது. உள்ளே பத்து நாடாத் துணுக்குகள். இசைத் துண்டுகளில் எண் போட மறந்த மனிதர், இவற்றில் மட்டும் ஒன்றிலிருந்து பத்துவரை குண்டு குண்டாக எழுதி வைத்திருந்தார்.

"இருந்த இடத்துலயே ஒட்டிடும்மா."

பொறுப்பாளர் முதல் துணுக்கை ஓடவிட்டார். மூன்று சுரங்களுக்கு நடுவே ஓர் இளம் குரல் கேட்டது: "ஏங்க, பால் பொங்குது, போய் அடுப்பை அணைங்க!" சுரம் நிற்கவே இல்லை.

"பாத்தியா, அசைஞ்சாரா பாரு!" அம்மாள் கணவரின் தோளில் ஓர் அடி வைத்தார். அடித்த கையை எடுக்கவில்லை. "ரெண்டாவதைப் போடும்மா," என்றார்.