கூட்டலா, கழித்தலா

கணினியில் கணக்கை மூன்றாவது முறை ஓட்டியபோதும் எண்ணுக்கு முன்னால் அந்தக் கழித்தல் கோடு வந்து உட்கார்ந்துகொண்டது. போன வாரம் எளிய முறையில் போட்டபோது ஏறக்குறைய இதே எண்தான், ஆனால் கூட்டலாக வந்தது. பிளாட்டினமும் தாலியமும் ஒட்டி நிற்கும் அணுக்கள். என்றாலும் அவற்றின் கருக்கள் நேராகப் பேசிக்கொள்வதில்லை. ஒன்று எந்தப் பக்கம் சுழல்கிறது என்பதை நடுவில் ஓடும் எலெக்ட்ரான்கள்தான் மற்றதற்குக் கொண்டுபோய்ச் சொல்கின்றன. அந்தச் சேதி எவ்வளவு வலுவானது என்று கணிப்பது அவள் வேலை. இத்தனை கனமான அணுக்களில் கருவை ஒட்டிய எலெக்ட்ரான் ஒளியின் வேகத்தில் பாதிக்கு மேல் பாயும். அதையும் சேர்த்துப் போட்டதில் கூட்டல் கழித்தலாகிவிட்டது. கட்டுரை நாளை போயாக வேண்டும்.

கீழ்த்தளத்துக்கு ஓடினாள். அதே சேதியை அளக்கும் பெரிய காந்தக் கருவியோடு குடித்தனம் நடத்துகிறவர் என்று எல்லோரும் கேலி செய்கிற ‘காந்தம்’ சார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“சார், நீங்க அளந்தது பிளஸ்ஸா, மைனஸா?”

“ரெண்டு கோடு தெரியும். நடுவுல இருக்குற இடைவெளிதான் உங்க எண். எந்தப் பக்கம்னு அதுல எழுதியிருக்காதும்மா.”

“குத்துமதிப்பாவது சொல்லுங்களேன்.”

“நான் அளக்குறவன். ஜோசியம் உங்க டிபார்ட்மென்ட்.” பிறகு மனம் இளகி, “வேற விதமா அளந்தா தெரியும். அடுத்த மாசம் பாக்கலாம்” என்றார்.

படியேறும்போதே அம்மா போனில் கூப்பிட்டாள்.

“அண்ணன் உன் ஊருக்குத்தான் வந்திருக்கான். உன்னைப் பத்தி ரொம்ப நேரம் பேசினான்.”

அவள் நின்றுவிட்டாள். அப்பாவின் உடல்நிலை மோசமானதை, அவள் வேலை கெடும் என்று அண்ணன் அவளிடம் மறைத்தான். எல்லாம் முடிந்த பிறகுதான் அவள் போய்ச் சேர்ந்தாள். அத்தனை பேர் முன்னால், “நீ எனக்கு அண்ணனே இல்ல” என்றாள். அன்றிலிருந்து இருவருக்கும் நடுவில் அம்மாதான்.

“திட்டினானா?”

“பேசினான்னு சொல்றேன்ல. உன் ஆபீஸ் வாசல் எந்தப் பக்கம்னு கேட்டான். இந்நேரம் வந்திருப்பான்.”

“கோவமா கேட்டானா, நல்லபடியா கேட்டானா?”

“அதை அவன்கிட்டயே கேளு. நடுவுல நின்னு நின்னு எனக்குக் கால் வலிக்குதுடி.”

மேசைக்குத் திரும்பி உட்கார்ந்தாள். எழுந்தாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து, குடிக்காமல் மூடினாள். திரையில் அந்தக் கோடு அப்படியே இருந்தது. அவன் வந்து கத்தினால் என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருந்தாள். கத்தாவிட்டால் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை. லிஃப்ட் வருவதாகக் காணோம். படியிலேயே இறங்கினாள்.

அண்ணன் சாலைக்கு எதிர்ப்புறம் நின்றிருந்தான். வெயில் அவன் முதுகுக்குப் பின்னால் இருந்ததால் முகம் நிழலாகத்தான் தெரிந்தது. கொஞ்சம் இளைத்திருந்தான். அவளைப் பார்த்ததும் ஒரு கையை உயர்த்தினான். வா என்கிறானா, அங்கேயே நில் என்கிறானா?

நடுவில் ஒரு பஸ் வந்து மறைத்தது. அது கடந்துபோன பிறகும் கை இறங்கவில்லை. அவளுடைய ஒரு கால் அதற்குள் நடைபாதையை விட்டுச் சாலையில் இறங்கியிருந்தது.