நஹ்ரினுக்கு விழுந்த மாலை

யோனான் வரைய விரும்பியதை வரையச் சொல்லி இந்த அறுபத்தாறு வயதுவரை யாரும் கேட்டதில்லை. சிரியாவில் ஓவிய வாத்தியாராக இருந்தபோது பள்ளிக்கூடத்துக்கு நாட்டுத் தலைவரின் படம்தான் வேண்டும். மீசையில் ஒரு மயிர் குறைந்தாலும் விசாரணைதான். ஜெர்மனியின் கொலோனுக்கு அகதியாக வந்து, அசீரியன் என்று வாயைத் திறந்ததும், எல்லோருக்கும் பழைய அசீரிய அரண்மனை வாசல்களில் நின்ற, மனிதத் தலையும் இறக்கையும் முளைத்த காளை வேண்டியிருந்தது. அருங்காட்சியக அம்மையாருக்கு ஒன்று, பல் வைத்தியருக்கு ஒன்று. மூவாயிரம் வருசத்துக்கு முந்திய அந்தத் தாடிக்காரக் காளையை அவர் முதன்முதலில் உற்றுப் பார்த்ததே வைத்தியரிடம் காத்திருந்தபோது கிடைத்த சஞ்சிகையில்தான்.

அவருக்கு வேண்டியது ஒரே ஒரு முகம். மகள் நஹ்ரின். பத்தொன்பது வயதில், பஸ்ஸை மறித்த ஆட்கள் அவளை இறக்கிக்கொண்டு போனார்கள். இருக்கிறாள் என்றும் தகவல் இல்லை, இல்லை என்றும் தகவல் இல்லை. வீடு எரிந்ததில் ஒரு போட்டோகூட மிஞ்சவில்லை. பத்து வருசமாக ஞாபகத்திலிருந்து வரைவார், சுரண்டுவார், மறுபடி வரைவார். கண் வந்துவிட்டது. நாடி, அந்த முகவாய் மட்டும் செத்துப்போன மனைவியின் நாடியாகவே வந்துகொண்டிருந்தது.

சனிக்கிழமைகளில் றைன்நதி முத்தமிழ் மன்றத்துப் பிள்ளைகளுக்குச் சித்திரம் படிப்பித்தார். மன்றத்தில் ஆட்களைவிடத் தலைவர் தம்பித்துரையின் பட்டங்கள் அதிகம். பாதியை அவரே தெரிவுசெய்து, அவரே கையெழுத்து வைத்து, அவரே குனிந்து வாங்கிக்கொண்டவை.

“மாஸ்டர், ஆண்டுவிழாவுக்கு நகரசபை அம்மா வாறா. பெரிய காளை ஒண்டு கீறித் தாங்கோ. பொன்னாடை போத்தி, ‘ஓவியப் பேரரசர்’ எண்டு பட்டமும் தாறம்.”

ஜெர்மனில் எடுத்துச் சொன்னவள் தமிழ் ரீச்சர் பிளோறன்ஸ், மன்னார்க்காரி. பட்டத்தை மட்டும் சொல்லாமல் விழுங்கிவிட்டாள்.

விழாவன்று காலை முகம் கழுவும்போது நாடி ஞாபகத்தில் வந்துவிட்டது. பொய் சொல்லும்போது நஹ்ரின் அதை உயர்த்துவாள்; அந்த உயர்த்தல்தான் இத்தனை நாளாகத் தப்பியிருக்கிறது. வரைந்து முடித்து, எண்ணெய் வர்ணம் காயுமுன்னே, காளைக்குப் பதிலாக அவளை மண்டபத்துக்குக் கொண்டுபோனார். நூறு பேர் அவளை ஒருதரம் பார்த்துவிட்டால், தன் தலைக்குள் மட்டும் உயிரோடிருக்கிறவள் அல்ல அவள் என்றாகிவிடும்.

“ஆர் இது?” என்றார் தம்பித்துரை, தொழிற்சாலையில் பொறுக்கிய தன் ஜெர்மனில்.

“மகள்.”

“எங்கை இருக்கிறா?”

“சண்டை… ஒரு பஸ்…”

மிச்சத்தைத் தம்பித்துரை தானே முடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியது. அவரிடம் போலியில்லாத சாமான் அது ஒன்றுதான். “தேனுஜா, ஓடிப்போய் மாலை ஒண்டு கொண்டு வா. குத்துவிளக்கையும் இஞ்சால நகர்த்து!” என்று மன்றத்துப் பிள்ளை ஒருத்தியை ஏவினார்.

யோனான் மேடை ஏறியபோது நஹ்ரின் நடுவில் இருந்தாள். செவ்வந்தி மாலை, விளக்கு, ஊதுபத்தி. என்ன வடிவாக அலங்கரித்திருக்கிறார்கள்! அவருக்கு நெஞ்சு நிறைந்தது. “மறைந்தவர்களுக்கு அகவணக்கம்!” என்றது ஒலிபெருக்கி, அவருக்குப் புரியாத தமிழில். மண்டபமே எழும்பித் தலைகுனிந்தது. மரியாதைக்கு மரியாதை, அவரும் நாற்காலியை விட்டு எழும்பிக் குனிந்தார்.

அது முடிந்ததும் நகரசபை அம்மா அவர் கையைப் பிடித்தார். “உங்கள் மகளின் மரணத்துக்கு என் ஆழ்ந்த அனுதாபம்.”

அப்போதுதான் சமையலறையிலிருந்து வடைத் தட்டோடு வந்தாள் பிளோறன்ஸ். தட்டை எங்கே போட்டாளோ தெரியாது.

“ஆர் மாலை போட்டது? செத்தவைக்கெல்லோ மாலை! இது காணாமல் போன பிள்ளை. அப்பிடிப் போன என்ர தம்பியின்ர படத்துக்கு அம்மா இண்டைவரைக்கும் ஒரு பூ வைக்க விட்டவவோ?”

“மரியாதைக்குத்தானே பிள்ளை… கத்தாதை, அந்த அம்மா பாத்துக்கொண்டு நிக்கிறா,” என்றார் தம்பித்துரை.

பிளோறன்ஸ் மாலையைப் பிடுங்கினாள். ஈர வர்ணத்தில் ஒட்டியிருந்த பூக்களோடு நாடியும் உரிந்து வந்தது.

அடுத்த சனிக்கிழமை அவர் தூரிகைகளை எடுத்துப்போக மட்டும் வந்தார். பிளோறன்ஸ் வாசலில் மறித்தாள். “என்னை மன்னியுங்கோ. நாடியைத் திருப்பி வரையலாம்தானே?”

“நாடியை வரையலாம்,” என்றார் யோனான். “எல்லோரும் எழும்பினார்கள், நானும் எழும்பினேன். குனிந்தார்கள், நானும் குனிந்தேன். அப்பனே குனிந்த பிறகு, அவள் யாரிடம் வருவாள்?”

பிளோறன்ஸ் வாசலை விட்டு விலகி வழிவிட்டாள்.

உள்ளேயிருந்து தம்பித்துரை எட்டிப் பார்த்தார். “மாஸ்டர் என்னவாம்?”

“நன்றியாம்,” என்றாள்.