நெஞ்சுப் படம்

கெடார் கிராமத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் அன்று மதியம் அம்சாவின் விலா எலும்பைப் பார்த்துவிட்டார்கள். காட்டியது அவளைப் பெற்ற பொன்னியேதான். முந்தின நாள் விழுப்புரத்தில் எடுத்த எக்ஸ்ரே படத்தை, மகள் குளிக்கப் போன நேரம் பார்த்து உறையோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். "ஓரத்தப் புடிச்சிப் பாருங்கடி, நடுவுல கை வெக்காதீங்க" என்று ஒவ்வொருத்திக்கும் சூரியனுக்கு நேரே பிடித்துக் காட்டினாள்.

"இன்னாக்கா இது, வெறும் எலும்பாத் தெரியுது?" என்றாள் கோவிந்தம்மாள்.

"எலும்ப எதுக்குடி பாக்குற? அதுக்கு நடுவுல பாரு. கறையில்ல, ஓட்டையில்ல. சுத்தமா இருக்குதுன்னு படம் எடுத்தவரே சொல்லிட்டாரு. எம்பொண்ணு ருஷ்யாவுக்கு டாக்டருக்குப் படிக்கப் போறா."

போகிறாள் என்றது கொஞ்சம் முந்திரிக்கொட்டைத்தனம்தான். அம்சா மனுதான் போட்டிருந்தாள். பி.எஸ்ஸி. முடித்தவள், படிப்புச் செலவை அந்த நாடே ஏற்றுக்கொள்ளும் என்று கேள்விப்பட்டு எழுதியிருந்தாள். மார்க்கெல்லாம் திருப்தி, உடம்பில் நோயில்லை என்று டாக்டர் சான்றும் நெஞ்சுப் படமும் கொண்டு வா என்று மெட்ராஸில் இருக்கும் ருஷ்ய ஆபீஸிலிருந்து பதில் வந்தது. நெஞ்சு என்றதுமே பொன்னி பயந்துபோனாள். புருஷன் துரைக்கண்ணுவை எலும்புருக்கி கொண்டுபோய் எத்தனையோ வருஷம் ஆகியும், அவள் வீட்டுத் தண்ணீரை ஊரில் ஒருவரும் வாங்கிக் குடிப்பதில்லை. கஞ்சி குடிக்க வரப்பில் உட்கார்ந்தால் பக்கத்தில் யாரும் வரமாட்டார்கள். அம்சா லேசாக இருமினாலும் தெருவே திரும்பிப் பார்க்கும். அந்த ஜனங்களுக்குக் காட்டாமல் வேறு யாருக்குக் காட்டுவது? கர்வம் என்றால் கர்வம்தான். அதற்கு முன் கர்வப்பட அவளுக்கு எதுவும் வாய்த்ததில்லை.

வீட்டுக்குத் திரும்பியதும்தான் கவலை பிடித்துக்கொண்டது. இத்தனை கண் பட்டிருக்கிறதே! குழந்தையென்றால் கன்னத்தில் ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்துவிடலாம். படத்தில் கன்னம் எங்கே இருக்கிறது? கழுத்தோடு நின்றுவிட்டது. தேடித் தேடிப் பார்த்துவிட்டு, காறையெலும்புக்குக் கொஞ்சம் கீழே, யாரும் கவனிக்கமாட்டார்கள் என்று தோன்றிய இடத்தில், கண்மையைத் தொட்டு அழுத்தி வைத்தாள். மகளிடம் சொல்லவில்லை. படித்த பிள்ளை, கத்தும்.

மறுநாள் இருவரும் திண்டிவனம் போனார்கள். அம்சா ஹாஸ்டலில் தங்கிப் பள்ளிக்கூடம் படித்த ஊர் அது. அப்போதிருந்தே அவளைத் தெரிந்த சுப்பராயலு டாக்டர் சான்று எழுதித் தர ஒப்புக்கொண்டிருந்தார். நாக்கை நீட்டச் சொன்னார். முதுகில் தட்டிப் பார்த்தார். குழல் வைத்துக் கேட்டார். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டே வந்தவர், கடைசியில் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்ததும் ஆட்டுவதை நிறுத்திவிட்டார்.

"உங்கப்பாவுக்கு என்ன நோய்னு சொன்ன?"

"டி.பி. சார்."

"இங்க மேல வட்டமா என்னமோ தெரியுதே. படம் எடுத்தவர் ஒண்ணும் சொல்லலையா?"

அம்சா எழுந்து வந்து பார்த்தாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். துரைக்கண்ணுவும் இப்படித்தான், நெஞ்சில் ஓட்டை என்று ஒரு டாக்டர் படத்தைக் காட்டிச் சொன்னபோது குனிந்தான். அப்புறம் நிமிரவே இல்லை. டாக்டரின் விரல் காட்டிய இடம் எது என்பது பொன்னிக்கு அதற்குப் பிறகுதான் உறைத்தது.

"ஐயோ சாமி, அது நோவு இல்ல! நான் வெச்ச மை!"

அவர் திரும்புவதற்குள் படம் அவள் கைக்கு வந்துவிட்டது. முந்தானை நுனியை எச்சிலில் நனைத்தாள். "ஏம்மா, ஏம்மா" என்று அவர் பதறியது காதில் விழவில்லை. பச்சைக் குழந்தையின் முகத்தைத் துடைப்பதுபோல மெதுவாகத் துடைத்தாள். பொட்டு கரைந்தது, கொஞ்சம் பரவியது, பிறகு இல்லாமலே போனது. புருஷன் நெஞ்சில் இருந்ததும் இப்படிப் போகுமென்றால் அவள் ஆயுசு முழுக்கத் துடைத்திருப்பாள்.

டாக்டர் படத்தை வாங்கிச் சாய்த்தும் நிமிர்த்தியும் வெகுநேரம் பார்த்தார்.

"இதுல எதுக்கும்மா மை வெச்ச?"

"கண்ணு பட்டுப்போச்சுங்க. ஊரையே கூப்பிட்டுக் காட்டிக்கினு இருந்தேன்."

சிரித்துக்கொண்டே அவர் பேனாவை எடுத்தார்.

மெட்ராஸ் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோதும் அம்சாவுக்குப் படபடப்பு அடங்கவில்லை. "யம்மா, எனக்கு உசுரே போய்ட்டு வந்துச்சு. இன்னைக்கே இதெல்லாம் கொண்டுபோய்க் குடுக்கணும். அவங்க எடுத்துப்பாங்களோ மாட்டாங்களோன்னு நான் கெடந்து தவிக்கிறேன், நீ பொட்டு வெச்சிக்கினு இருக்க."

பொன்னி முந்தானையில் ஒட்டியிருந்த மிச்ச மையை விரலில் எடுத்து மகளின் கன்னத்தில் வைத்தாள். "படத்துக்குத்தான் கன்னம் இல்ல. உனக்கு இருக்குதில்ல."

எப்போதும் உடனே அழித்துவிடுகிறவள் அன்று அழிக்கவில்லை. தனியாகப் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள்; பொன்னி கீழேயே நின்றாள். பக்கத்து ஸீட்டிலிருந்த யாரோ ஓர் அம்மாள் அம்சாவின் மடியிலிருந்த உறையைக் காட்டி என்னவோ கேட்டாள். பஸ் நகரும்போது, கன்னத்து மையோடு அம்சா படத்தை உருவி, ஓரங்களை மட்டும் பிடித்து, வெயிலுக்கு நேரே தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள்.