ஒரு மூட்டையும் கிழக்கும்

எங்கள் ஊருக்குக் கிழக்கு, சர்வதேசத் திசைகள் சங்கத்திலிருந்து வருகிறது. உறுப்பினர் சந்தா வருடத்துக்கு ஒரு மூட்டை அரிசி.

சங்கத்தை விட்டு விலகலாமா என்று இந்த வருடம் ஓட்டு வைத்தார்கள். விலகச் சொன்ன தணிகாசலம் அந்த மூட்டையைப் பொரியாக்கி, லாரியில் குவித்து, தெருத்தெருவாகக் கொண்டுவந்தார். "பாருங்க தாய்மாரே, எவ்வளவு போகுது!" இருக்கச் சொன்ன அருமைநாயகம் சார் அதே மூட்டையைப் பத்தாயிரம் தலைக்கும் முந்நூற்று அறுபத்தைந்து நாளுக்கும் வகுத்து, மேடையில் ஒற்றை அரிசியைத் தூக்கிக் காட்டினார். "இவ்வளவுதானய்யா!" யார் கண்ணுக்கும் தெரியவில்லை. இருவருக்கும் தொண்டை கட்டியதும் அவரவர் குரலிலேயே மைக்கில் பேசியது நான்தான். காலையில் தணிகாசலத்தின் கரகரப்பு, மாலையில் சாரின் மூக்குக் குரல்.

என் அக்கா பூங்கோதை அப்பளம் போட்டு விற்பவள். காலை வெயில்தான் அவள் பிழைப்பு. தராசோடு போய் லாரியை மறித்தாள்.

"பொரிச்சா பெருசாகும்ணே, எடை கூடாது. அப்பளக்காரிகிட்டயேவா? எடை போட்டுக் காட்டுங்க."

"எடை என்னத்துக்கும்மா, தின்னு பாரு" என்று தணிகாசலம் ஒரு முறம் நீட்டினார். ஊரே தின்றது. தராசில் வைக்க ஒன்றும் மிஞ்சவில்லை.

"டேய், நீயுமா?" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். என் வாய் நிறையப் பொரி.

விலகல் ஜெயித்தது. மறுநாள் சங்கத்து ஆட்கள் இரண்டு பேர் வந்து, கிழக்கைப் பாய்போலச் சுருட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். சூரியன் ஊர் எல்லையில், மைல்கல் பக்கத்தில், வழி தெரியாமல் நின்றது. எங்கள் மொட்டைமாடியில் அறுநூறு அப்பளம் ஈரமாகக் கிடந்தது.

அக்கா தணிகாசலத்திடம் போனாள். "மிச்சமாகும்னு சொன்ன லாரி எங்கண்ணே?"

"லாரி காட்டுறதுக்கும்மா. மிச்சம் ஒரு மூட்டைதான். அதையும் நீங்கதானே தின்னீங்க?"

திரும்பி வந்தவள் என் காதைத் திருகினாள். "ஊர்ல இருக்கிற எல்லார் மாதிரியும் பேசுறியே, கிழக்கு மாதிரி கூப்பிடுடா."

கைப்பிடிச் சுவரில் ஏறிக் கூப்பிட்டேன். கிழக்கின் குரல் கொஞ்சம் அடித்தொண்டை. சூரியன் மைல்கல்லை விட்டுக் கிளம்பி வந்தது. அப்பளங்களின் ஓரம் மெல்லச் சுருண்டது.

கால் மரத்துப்போய் இரண்டடி தள்ளி நின்றேன். கிழக்கு பார்த்த வாசல்கள் எல்லாம், கோயில் வாசல் உட்பட, என் பக்கம் திரும்பிக்கொண்டன.

"ஆடாம நில்லுடா" என்றாள் அக்கா. "இன்னும் மறுபக்கம் புரட்டிப் போடணும்."