நாற்பத்தொரு நட்சத்திரம்

பல்லாரோச் சந்தையில் கத்தரிக்காய்க்காரன் சொல்லும் விலைக்கு நான் ஒருநாளும் வாங்கியதில்லை. தலையை ஆட்டிவிட்டு நாலடி நடப்பேன். அவனே கூப்பிடுவான். இதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன்.

அப்படிப்பட்டவளின் கண்ணில்தான் ஏலத்தளத்தில் அந்தத் தையல் மெசின் பட்டது. பகேரியாவில் மூடிவிட்ட ஒரு தையற்கடையினுடையது. மேசை, மோட்டர் எல்லாம் சேர்த்து, ஏலம் கேட்காமல் உடனே வாங்குவதென்றால் நானூற்றெண்பது யூரோ. அது வந்தால் அல்பெர்கேரியாவில் எங்கள் வீட்டிலிருந்தே சேலைச் சட்டைகள் தைத்துக் கொடுக்கலாம். லிபெர்த்தாவில் சிஞ்ஞோரா என்று நான் கூப்பிடும் வயதான வெள்ளைக்கார அம்மாவின் வீட்டில் இரவும் பகலும் தங்கி அவரைப் பார்க்கும் வேலையை விட்டுவிடலாம். அந்த வேலையில் வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் லீவு. ஏழு வயது மகள் சிவானுஜா மற்ற நாட்களில் தகப்பனோடு. அவர் உணவகத்தில் கோப்பை கழுவப் போனால் பக்கத்து வீட்டு ரதியோடு படுப்பாள்.

காசு பெப்ரவரியிலேயே கையில் இருந்தது. ஆனால் சொன்ன விலைக்கு வாங்க எனக்கு மனம் வரவில்லை.

ரதிதான் வழி காட்டினாள். பொலிதேயாமாவில் ஒரு அலுவலகம் துடைக்கிறவள். அங்கே இருக்கிறவர்களிடம் எதையாவது கேட்டு அறிந்துகொண்டு வருவாள்.

"ஒரு சதமும் செலவில்லை விமலாக்கா. மெசினுக்குப் பக்கத்திலை நட்சத்திரம் இருக்கெல்லே, அதை அமத்துங்கோ. விலை இறங்கினா ஈமெயில் வரும். நீங்கள் தேடினதைச் சேமிச்சு விட்டா, இதே மாதிரி வேறை மெசின் வந்தாலும் சொல்லும். இன்னொரு சைட்டும் இருக்கு. லிங்கைப் போட்டு, என்ன விலைக்கு வேணுமெண்டு எழுதினா, அது ஒவ்வொரு நாளும் பாத்துச் சொல்லும். அதுவும் சும்மாதான்."

மூன்றையும் செய்தேன். வேண்டிய விலை முந்நூற்றைம்பது என்று எழுதினேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு சிஞ்ஞோரா கண்ணயர்ந்ததும் அந்த சைட்டில் விலைக்கோட்டைப் பார்ப்பேன். மார்ச்சில் நானூற்று நாற்பது. ஏப்ரலில் நானூற்றுப் பத்து. கோடு இறங்க இறங்க எனக்கு அப்படியொரு புழுகம், தலைகால் தெரியாத சந்தோசம். ஒவ்வொரு தடவையும் வீட்டுக்குப் போன் எடுத்துப் பெருமையடித்தேன். விற்கிறவனின் முகத்தைக் கண்டதில்லை, ஆனாலும் அவனை மடக்கிவிட்டதாகவே நினைப்பு.

ஏப்ரல் கடைசியில் ஒரு ஞாயிறு, வழக்கம்போல நாங்கள் தமிழ்ச் சனம் எல்லாரும் மொந்தே பெல்லெக்ரீனோ மலைக்கு, சாந்தா ரொசாலியாவின் குகைக் கோயிலுக்கு ஏறினோம். சைவக்காரர், கிறிஸ்தவ வேதக்காரர் என்று நாங்கள் அங்கே பிரித்துப் பார்ப்பதில்லை. கும்பிட்டு முடிந்ததும் ரதி எல்லாரையும் கூப்பிட்டாள்.

"விமலாக்காவுக்கு இந்த மெசின் கிடைக்கோணும். எல்லாரும் நட்சத்திரத்தை அமத்தி ஒரு ஆதரவு குடுங்கோ!"

எங்கள் சனத்துக்கு இது பழக்கம். எங்கள் பிள்ளையொன்று பாட்டுப் போட்டியில் பாடினால் ஊர் உலகமெல்லாம் இருந்து வாக்குப் போடுவார்கள். இறங்கி வருகிற வழியிலேயே ஆளாளுக்குப் போனைத் தூக்கினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எத்தனை பேர் நட்சத்திரம் அமத்தினார்கள் என்பது விற்கிறவனுக்கும் தெரியும். அது எங்களில் ஒருவருடைய மண்டையிலும் ஏறவில்லை. திங்கட்கிழமை பார்த்தேன். நாற்பத்தொரு நட்சத்திரம். விலை நானூற்றைம்பது.

வந்த கோபத்தில் உடனே ரதிக்குப் போன் எடுத்தேன்.

"என்ன வேலையடி செய்தனீ? சனம் வரிசையிலை நிக்குது எண்டெல்லோ அவன் நினைக்கிறான்!"

"ஐயோ அக்கா, நான் நல்லதுக்குத்தானே..."

"உன்ரை நல்லது! ஒவ்வொருத்தரா எடுத்து, நட்சத்திரத்தைக் கழட்டச் சொல்லு."

பாவம், அத்தனை பேருக்கும் எடுத்தாள். புதன்கிழமை இரண்டு நட்சத்திரம்தான் மிச்சம். ஒன்று என்னுடையது. மற்றது மிலானோவில் எவனாவது வியாபாரியாக இருக்கும் என்று நினைத்து, முகம் தெரியாத அவனையும் திட்டித் தீர்த்தேன்.

வியாழன் பின்னேரம் வீட்டுக்குப் போனேன். சிவானுஜா தகப்பனின் பழைய போனை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். திரையில் அந்த மெசின். பக்கத்தில் மஞ்சளாக நட்சத்திரம்.

"இது நீயோ அமத்தினது?"

"ஓம். ரதி அன்ரி சொன்னவ, இதை அமத்தினா அம்மா வீட்டை வந்து படுப்பா எண்டு. ஒவ்வொரு நாளும் ஸ்குவோலாவுக்குப் புத்தகப்பையோடை வெளிக்கிட முதல், இருக்கோ எண்டு பாக்கிறனான்."

"எடுத்து விடு செல்லம். எடுத்தாத்தான் விலை குறையும்."

போனை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். அழவில்லை.

"நோ, மம்மா. முதலும் ரெண்டு தரம் விலை குறைஞ்சதுதானே. நீங்கள் வரேல்லையே."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. முப்பது யூரோவுக்கும் நாற்பது யூரோவுக்கும் நான் காத்திருந்த மாதங்களில் இவள் யாருடைய பாயிலோ படுத்திருந்திருக்கிறாள். அதைப் பார்த்துச் சொல்ல எந்த சைட்டிலும் நான் எழுதிப் போடவில்லை.

சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அவளுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன். என் போனை எடுத்து, நானூற்றைம்பதுக்கே வாங்கினேன்.

"வாங்கியாச்சு. சிஞ்ஞோராவுக்கு வேறை ஆள் வரும் வரைக்கும்தான் போவன். இனி நட்சத்திரம் தேவையில்லை, எடுத்து விடு."

அவள் என் முகத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீங்கள் வந்து படுக்கிற அண்டைக்கு எடுக்கிறன்" என்றாள்.